அடக்கி வைத்த கொட்டாவி

மலைமேல் ஆசிரமத்துக்கு வந்த ஒன்பதாம் நாள் காலையில் சபாபதி பையைக் கட்டினார். குருவைவிடப் பதினெட்டு வயது மூத்த சிஷ்யர் அவர்.

"கிளம்பிட்டீங்களா?" என்றார் குரு, அமிர்தம் அம்மாள்.

பதில் இல்லை. அருகில் போய் உரக்கக் கேட்டார்.

"ஆமாம்மா. சளியோட பஸ் ஏறினேன். மலை வளைவுல அடைச்ச காது இன்னும் விடலை. ரிட்டையர் ஆனதும் உங்ககிட்டதான் வரணும்னு எத்தனை வருஷமா இருந்தேன். செவிட்டுக் காதுக்கு உபதேசம் எதுக்கு?"

"உட்காருங்க. பாடத்துல கொட்டாவி வருதா?" என்றார் அம்மாள், அதே உரத்த குரலில்.

சபாபதிக்கு முகம் சுண்டியது. "சத்தியமா இல்லம்மா. உங்க பேச்சுக்குப் போய்..."

"பொய் வேண்டாம்."

"வரும். பல்லைக் கடிச்சு அடக்கிடுவேன். முப்பத்தெட்டு வருஷம் கோர்ட்டுல டவாலி. ஜட்ஜ் ஐயா பின்னாடி நிக்கணும். வக்கீல்கள் பேசுற பேச்சுக்குக் கல்லுகூடக் கொட்டாவி விடும். நான் ஒரு தடவைகூட விட்டதில்லை."

சொல்லும்போதே நெஞ்சு நிமிர்ந்தது.

அம்மாள் சிரித்துவிட்டார். இங்கே வருமுன் காது டாக்டர் ஒருவரிடம் நர்ஸாக இருந்தவர்.

"காதுலேருந்து மூக்குக்குப் பின்னாடி ஒரு சின்னக் குழாய் இறங்குது. காத்து போறதும் நீர் வடியறதும் அது வழியாத்தான். சும்மா இருந்தா மூடியே கிடக்கும். அதை இழுத்துத் திறக்கிற சதை அண்ணத்துல இருக்கு. எச்சில் முழுங்கினா கொஞ்சம் இழுக்கும். சளிக்கு அது பத்தாது. கொட்டாவி விட்டா நல்லா இழுக்கும். நீங்க அதைப் போட்டு அமுக்குறீங்க."

"குரு முன்னாடி வாயைப் பிளக்கிறதாம்மா?"

அம்மாள் எதிரே சம்மணமிட்டு, கண்ணில் நீர் வர, நீளமாக ஒரு கொட்டாவி விட்டார்.

சபாபதி தரையைப் பார்த்தார்.

இன்னொன்று, ஊளையிடுவது போல. சபாபதியின் தாடை நடுங்கியது.

மூன்றாவதற்கு டவாலி தோற்றார். வாய் 'ஆ'வென்று பிளந்தது. கை தானாகச் சொடக்குப் போட்டது. காதுக்குள் படக்கென்று ஏதோ விட்டது.

"கேக்குதா?" என்று கத்தினார் அம்மாள்.

"கத்தாதீங்கம்மா!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு இருவரும் சிரித்தார்கள். சபாபதிக்குக் கண் கலங்கிவிட்டது. பையை அவிழ்த்து நோட்டை எடுத்தார்.

"எட்டு நாள் பாடம் போச்சு. முதல்லேருந்து சொல்லுங்கம்மா."

"அது இருக்கட்டும். நீங்க வந்த நாள்லேருந்து நான்தான் பேசிக்கிட்டிருக்கேன். எதுக்காக மலையேறி வந்தீங்கன்னு எனக்கு இன்னும் தெரியாது. சொல்லுங்க."