அம்புக்கு முந்திய வாழ்த்து

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில் கோமாறன் என்ற இளம் ராஜா பட்டத்துக்கு வந்தார். வந்ததுமே அவருக்கு வேட்டை ஆசை பிடித்துக்கொண்டது. ஆசையில் தப்பில்லை, காட்டுப்பன்றிகள் ஊரார் தினைப்புனத்தையெல்லாம் உழுது போட்டுக்கொண்டிருந்தன. ஆனால் ராஜாவுக்கு வில் பிடிக்கத் தெரியாதே! முதல் வேட்டைக்குப் புறப்படும் ராஜா, குடிமக்கள் பார்க்க ஒரு வைக்கோல் பன்றியை எய்து காட்ட வேண்டும் என்பது அந்நாட்டு வழக்கம். தவறினால் அந்த வருஷம் வேட்டை கிடையாது.

பயிற்சி தொடங்கியது. அம்பு வேலியில் தைத்தது, வேப்பமரத்தில் தைத்தது, பன்றியில் மட்டும் தைக்கவில்லை. சபையோரோ சம்பிரதாயப்படி, ராஜா நாணை இழுக்கும்போதே, "ஆஹா! அர்ஜுனனும் தோற்றான்!" என்று கூவினார்கள்.

விகடகவி கூத்தபிரான் சிரித்துவிட்டான். அவன்மேல் வெகுநாளாக வயிற்றெரிச்சல் கொண்டிருந்த தளபதி மழவராயர் சும்மா இருப்பாரா?

"மகாராஜா, தங்கள் குறி தவறுவதே இல்லை. காற்றுதான் சதி செய்கிறது. சிரிக்கத் தெரிந்தவருக்கு வித்தையும் தெரிந்திருக்குமே! நாளை குடிமக்கள் முன்னால் பன்றி வீழக் கூத்தபிரானே பொறுப்பேற்கட்டும். வீழாவிட்டால் நாட்டை விட்டே போகட்டும்!"

சிரிப்பு ராஜாவையும் சுட்டிருந்தது. "அப்படியே ஆகட்டும்" என்றார்.

வேறொருவனாக இருந்தால் அன்றிரவே மூட்டை கட்டியிருப்பான். கூத்தபிரான் வீட்டுக்குப் போய் மோர்சாதம் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டான். மற்றவர்கள் அம்பைப் பார்த்தபோது அவன் ராஜாவைப் பார்த்திருந்தான். வாழ்த்தொலி எழுந்த கணமே ராஜாவின் முகம் அந்தப் பக்கம் திரும்பியது. கையும் கூடவே போனது.

மறுநாள் மைதானத்தில் ஊரே கூடியிருந்தது. கூத்தபிரான் கைகூப்பினான்.

"மகாராஜா, ஒரே ஒரு விண்ணப்பம். தூரத்தில் நின்றால் அம்பு தைக்கும் அழகு தெரியுமா? வாழ்த்துகிறவர்கள் பன்றிக்குப் பக்கத்தில் போய் நிற்கட்டும். தங்கள் குறி தவறுவதே இல்லை என்று தளபதியார்தான் சொல்லிவிட்டாரே!"

"நியாயம்தான். வாழ்த்துகிறவர்கள் அங்கே போங்கள்" என்றார் ராஜா.

மந்திரிக்குத் திடீரென்று தொண்டை கட்டிக்கொண்டது. புலவர், இன்று மௌனவிரதம் என்று சைகை காட்டினார்.

"தளபதியாரே, தாங்கள்?" என்றான் கூத்தபிரான்.

மழவராயர் நாலடி நடந்தார். தடாலென்று விழுந்து கும்பிட்டார். "மகாராஜா, நான் பிள்ளைகுட்டிக்காரன்! காற்று என்றதெல்லாம் பொய். தங்கள் அம்பு எங்கே போகும் என்று ஆண்டவனுக்கே தெரியாது!"

ராஜாவின் முகம் சிவந்தது. கூத்தபிரான் அருகில் போய் மெல்லச் சொன்னான்: "கோபமெல்லாம் அப்புறம் மகாராஜா. இப்போ பன்றியைப் பாருங்க. இன்னிக்கு ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க."

ராஜா நாணை இழுத்தார். ஒரு சத்தம் இல்லை. திரும்பிப் பார்க்க ஒரு முகம் இல்லை. விர்ரென்று போன அம்பு பன்றியின் கழுத்தில் பாய்ந்து அதைச் சாய்த்தது.

அப்போதும் எல்லாரும் ஊமையாக நின்றார்கள்.

"என்ன, ஒருவரும் வாழ்த்தவில்லையே?" என்றார் ராஜா.

"இனிமே தாராளமா வாழ்த்தச் சொல்லுங்க மகாராஜா. அம்பு போய்ச் சேர்ந்துடுச்சு!"

ராஜாவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. வில்லைத் தரையில் ஊன்றிக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். தம் கைக் கடகத்தைக் கழற்றி எல்லாரும் பார்க்கக் கூத்தபிரான் கையில் பூட்டினார்.

மறுநாளே வேட்டை புறப்பட்டது. ராஜாவுக்குப் பின்னால் கூத்தபிரான் குதிரையில் போனான். மழவராயர் ராஜாவின் உத்தரவுப்படி அந்த வேட்டைக்காலம் முழுக்க முட்புதரில் அம்பு பொறுக்கினார், வாயே திறக்காமல்.