ரன்னுக்கு எத்தனை அர்த்தம்?

வீட்டுக்காரர் ஆழ்வாரப்பன் ரிட்டயரான இங்கிலீஷ் வாத்தியார். குடியிருக்கிற பேச்சித்தாய் குடத்தோடு வந்து நின்றதும் குழாய்ப் பூட்டுச் சாவியை ஆட்டினார்.

"இங்கிலீஷ்ல ரன்னுன்னு ஒரு சொல்லு. அதுக்கு உள்ள அர்த்தம் அத்தனையும் சொல்லு, திறக்கேன்."

வீட்டில் பிள்ளைக்குக் கஞ்சி வைக்கத் தண்ணீர் இல்லை. பேச்சித்தாய் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, பள்ளிப் பிள்ளை போலக் கையைக் கட்டிக்கொண்டாள்.

"ஓடுறது. அடுத்து என்ன சார்?"

"கடை நடத்துறது."

"கடை நடத்துறது."

"தேர்தல்ல நிக்கிறது."

"நிக்கிறதும் ஓட்டமா? சரி, தேர்தல்ல நிக்கிறது."

வாத்தியாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. மூக்கு ஒழுகுவது, துணியில் சாயம் போவது என்று அவர் சொல்லச் சொல்ல அவள் ஒப்பித்தாள். கடைசியில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"இன்னும் இருக்கா சார்?"

"அவ்வளவுதான்!"

"அப்ப அத்தனையும் சொல்லிட்டேன்."

"ஏய், நான் சொல்லித்தான நீ சொன்ன!"

"வாத்தியார் சொல்லித்தராம எந்தப் பிள்ளை சார் ஒப்பிச்சிருக்கு?"

அதை இல்லை என்று சொன்னால் அவர் வாத்தியாரே இல்லை. குழாய் திறந்தது.