ஒரே கால் வைத்த பல்லக்கு

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று கேட்காதீர்கள், ஒரு ராஜா இருந்தார். காலையில் காதில் விழுந்ததை மதியத்துக்குள் சட்டமாக்கிவிடுவார். மீதியைக் கேட்கப் பொறுமை கிடையாது.

ஒரு நாள் சீன தேசத்து அறிஞர் வெய் லுன் சபைக்கு வந்தார். "உங்கள் நாட்டில் எதைப் பெரிதாக மதிக்கிறார்கள்?" என்று ராஜா ஆவலோடு கேட்டார்.

"அறிவையும் இசைவையும், மகாராஜா. இசைவு என்பது..."

அதற்குள் ராஜா எழுந்துவிட்டார். "புரிந்தது. இன்று முதல் நம் நாட்டிலும் இசைவுதான். எல்லோரும் ஒன்றையே சொல்ல வேண்டும், ஒன்றையே செய்ய வேண்டும். இசைவு என்றால் இதுதானே?"

"இதுவேதான்" என்றது சபை.

விகடகவி ஆராவமுதன் மட்டும், "எனக்குத் தெரியவில்லை, மகாராஜா. விருந்தாளி இன்னும் சொல்லி முடிக்கவில்லையே" என்றான்.

அவனை எப்போது ஒழிக்கலாம் என்று காத்திருந்த அமைச்சர் மார்த்தாண்டர் விடுவாரா? "சட்டம் போட்ட சூடு ஆறவில்லை, பிரபு. அதற்குள் மீறிவிட்டான். நாடு கடத்துங்கள்" என்றார்.

ராஜாவுக்கு ஆராவமுதன் மேல் பிரியம் உண்டு. ஆனால் சபை நடுவே சொன்ன சொல்லை விழுங்க முடியுமா? "மாலையில் நான் நகர்வலம் போகிறேன். அதற்குள் இந்த இசைவை நீ நடத்திக் காட்ட வேண்டும். இல்லையென்றால் மூட்டை கட்டு" என்றார்.

ஆராவமுதன் நேரே பல்லக்குத் தூக்கிகளிடம் போனான். "இன்னிக்கு எல்லாரும் ஒரே நேரத்துல ஒரே காலை எடுத்து வைக்கணும்பா."

மூத்தவன் தலையைச் சொறிந்தான். "ஆளுக்கொரு கால் மாத்தி வெச்சாத்தான் சாமி பல்லக்கு ஆடாம போவும். ஒண்ணா வெச்சா உள்ள இருக்கறவரு கதி என்னாவறது?"

"ராஜா போட்ட சட்டம். நாம என்ன செய்யறது?"

மாலையில் பல்லக்கு கிளம்பியது. எல்லோருக்கும் இடது கால், பிறகு எல்லோருக்கும் வலது கால். பல்லக்கு ஊஞ்சலாக ஆடியது. கடைவீதி தாண்டுவதற்குள் கிரீடம் நழுவி ராஜாவின் மூக்கில் உட்கார்ந்தது. மதியம் சாப்பிட்ட பாயசம் தொண்டை வரை வந்துவிட்டது.

"நிறுத்துங்கள். எவன் செய்த வேலை இது?"

"தங்கள் சட்டம் செய்த வேலை, மகாராஜா" என்றான் ஆராவமுதன். "இவர்கள் இத்தனை நாளும் ஆளுக்கொரு கால் வைத்துக் குற்றம் செய்துவந்தார்கள். திருத்திவிட்டேன்."

குதிரையில் கூட வந்த வெய் லுன் சிரித்துவிட்டார். "நான் சொல்ல வந்த இசைவு இவர்களுடைய பழைய நடைதான், மகாராஜா. கால்கள் வேறு வேறு, ஆனால் சுமை ஆடாது. அறிவு என்றேனே, அது தெரியாததைத் தெரியாது என்று இவர் ஒருவர் சொன்னதுதான்."

ராஜா வெட்கத்தோடு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தச் சட்டம் ரத்து. இனி யார் வேண்டுமானாலும் என்னை மறுத்துப் பேசலாம். என்ன சொல்கிறீர்கள்?"

"தங்கள் சித்தம்" என்று மார்த்தாண்டர் உட்பட, நகர்வலத்தில் கூட வந்த சபையார் எல்லோரும் ஒன்றாகக் குனிந்தார்கள்.

"எனக்குச் சம்மதமில்லை" என்றான் ஆராவமுதன். "இவர்களெல்லாம் மறுத்துப் பேச ஆரம்பித்தால் என் பிழைப்பு என்ன ஆவது?"

ராஜா குனிந்திருந்த தலைகளைப் பார்த்தார். "அந்தப் பயமே உனக்கு வேண்டாம்" என்று விழுந்து விழுந்து சிரித்து, தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.