எது பூனை, தொடு

பெயர் என்னவோ குருநாதன். ஆனால் இந்தக் கதையில் சீடர் அவர்தான். வயது ஐம்பத்து மூன்று. குருவான பிலோமினா டீச்சருக்கு முப்பது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்காக வாரம் ஒரு நாள் அந்தப் பள்ளிக்கு வந்து போகிற சிறப்பாசிரியை.

குருநாதனின் மூன்றாம் வகுப்பில் இலக்கியா என்று ஒருத்தி. மூளை முடக்குவாதம். பேச்சு வராது. கையும் சொன்னபடி கேட்காது. அவளுக்கு வாசிக்கத் தெரிகிறதா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் அவர் படிவத்தில் எழுதியாக வேண்டும். தெரியாது என்று எழுதினால் வகுப்பு போய்விடும். வீட்டோடு கிடக்க வேண்டியதுதான். அன்று வியாழன்.

மூன்று மாதமாகப் படாத பாடு பட்டுவிட்டார் மனிதர். பூனை, பானை என்று எழுதிய இரண்டு அட்டைகளை வைத்து, "எது பூனை, தொடு" என்பார். கை எங்கேயோ போகும். "சரி, கண்ணால பாரு" என்பார். அவள் வாசலைப் பார்ப்பாள்.

"தெரியுதா தெரியலையான்னே பிடிபடலை டீச்சர். எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

பிலோமினா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவரை இலக்கியாவுக்கு எதிரே உட்கார வைத்தார். அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த கரும்பலகையில் ஏதோ எழுதினார்.

"திரும்பாதீங்க சார். அவளையே பாருங்க."

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார் குருநாதன். இலக்கியாவின் கண்கள் பலகையில் மெல்ல ஊர்ந்தன. நின்றன. அவர் மீசைக்குத் தாவின. மறுபடி பலகை, மறுபடி மீசை. அப்புறம் சக்கர நாற்காலியே குலுங்கச் சிரித்தாள்.

திரும்பிப் பார்த்தார். "சார் மீசையில் உப்புமா ஒட்டியிருக்கு" என்று இருந்தது. காலையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டது.

துடைக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு. நம்பவும் பயமாக இருந்தது. சாக்பீஸைப் பிடுங்காத குறையாக வாங்கி, "மேலே பல்லி" என்று எழுதினார். இலக்கியா கழுத்தை இழுத்துப் பிடித்து அண்ணாந்து, கூரை முழுக்கத் தேடினாள். "சும்மா சொன்னேன்" என்று எழுதினார். அவள் முறைத்தாள்.

குருநாதனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"படிக்கிறா டீச்சர். பாருங்க, என்னையே முறைக்கிறா."

நின்ற இடத்திலேயே படிவத்தை எடுத்து, தெரியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சந்தோஷத்தில் கையெழுத்து கோணிக்கொண்டு போனது.

அதற்கப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

"மூணு மாசமா ஏன் டீச்சர் இவ ஒரு தடவைகூடக் காட்டிக்கலை? அட்டையிலயும் எழுத்துதானே இருந்துச்சு?"

பிலோமினா கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டார்.

"எழுத்து இருந்துச்சு சார். அவகிட்ட சொல்றதுக்குன்னு அதுல என்ன இருந்துச்சு?"