ஏணியைப் பிடித்த கை

துறவி யோகம்மாவின் மடத்துக்குத் திருமாறன் வந்து சேர்ந்தார். போரில் குண்டுவீச்சு விமானத்தில் திசை சொல்லும் வேலை பார்த்தவர். தன்னைவிட வயதில் சிறியவரை ‘அம்மா’ என்று கூப்பிட அவருடைய நாக்கு இரண்டு நாள் மக்கர் செய்தது. மூன்றாம் நாள் வழிக்கு வந்தது.

“எனக்குக் காவி கொடுங்கம்மா.”

“வீட்ல யார் இருக்காங்க?”

“மனைவி. ஒரு கைக்குழந்தை.”

“அப்புறம் காவி எதுக்கு?”

திருமாறன் சொன்னார். குண்டு போட்டுவிட்டுத் திரும்பும்போது விமானம் தீப்பிடித்தது. பைலட் ஜெபராஜ் “குதிங்க!” என்று கத்தினார். திருமாறனையும் சேர்த்து மூன்று பேர் பாராசூட்டில் குதித்தார்கள். அதுவரை விமானம் சாயாமல் யாராவது பிடித்திருக்க வேண்டும். ஜெபராஜ் பிடித்திருந்தார். அவர் குதிக்க நேரம் மிஞ்சவில்லை.

“அவர் போன பிறகும் நான் சாப்பிடுறேன், தூங்குறேன். குழந்தை சிரிச்சா உடம்பு கூசுது. அவர் ஏம்மா எனக்காகச் சாகணும்?”

யோகம்மா வானத்தைப் பார்த்தார். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது.

“அடுக்களைக் கூரையில ஓடு உடைஞ்சிருக்கு. மழைக்கு முன்னாடி மாத்திடுங்க. ஏணியை நான் பிடிச்சுக்கறேன்.”

பழைய மூங்கில் ஏணி. பாத்திரம் கழுவிய ஈரத் தரையில் வழுக்கப் பார்த்தது. வானத்திலிருந்தே குதித்த மனிதர் நாலு படி ஏறியதும் நின்றுவிட்டார்.

“பிடிச்சிருக்கீங்களா?”

“ம்.”

இன்னொரு படி. மறுபடியும் நின்று கீழே குனிந்து பார்த்தார். யோகம்மாவின் கைகள் நடுங்கின. முகமெல்லாம் வியர்வை.

“உங்களால முடியலம்மா. நான் இறங்கிடறேன்.”

“மேலே பாருங்க!”

அதட்டல்தான். திருமாறன் ஏறினார். உடைந்த ஓடுகளை மாற்றினார். இறங்கி வரும்போது முதல் தூறல் விழுந்தது. யோகம்மாவின் உள்ளங்கை இரண்டும் கன்றிச் சிவந்திருந்தன. அதைப் பார்த்ததும் திருமாறனுக்கு அழுகை முட்டியது.

“ரொம்ப வலிச்சுதாம்மா?”

“வலிச்சுது. நீங்க பாதியில நின்னப்பதான் ரொம்ப வலிச்சுது.”

மழை வலுத்தது. அடுக்களையில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. திருமாறன் உள்ளே போய்த் தன் பையை எடுத்து வந்தார்.

பிறகு, “ஊருக்கு பஸ் எப்பம்மா?” என்று கேட்டார்.