மிராசுதாரின் தும்மல் சகுனம்

மிளகாய்க் களத்துக்குப் பக்கத்திலேயே வீட்டைக் கட்டிக்கொண்டு, தும்மலுக்குச் சகுனம் பார்த்த மிராசுதார் ஒருவர் இருந்தார். ஒருநாள் வெளியூர் போன காரியம் கைகூடவில்லை. மறுநாள் மனைவியோடு வண்டியேற வந்தவர், வண்டிக்காரன் குருந்தன்மேல் பாய்ந்தார்.

"நேத்து நீ தும்மினதாலதான்டா எல்லாம் கெட்டுச்சு! இனிமே ஒரு தும்மல் கேட்டாலும் உனக்கு வேலை இல்லை!"

மூக்கைப் பிடித்துக்கொண்டே குருந்தன் கேட்டான்: "சரிங்க சாமி. ஆனா, உங்களுக்குப் பொண்ணு பார்க்கப் புறப்பட்டப்பவும் நான்தான் வண்டியோட்டினேன். அன்னைக்கும் தும்மினேன். அந்தக் காரியமும் கெட்டுப்போச்சுங்களா?"

மனைவி மெல்லத் திரும்பினாள். "சொல்லுங்களேன், கேப்போம்."

மிராசுதாருக்கு வேர்த்துவிட்டது. "தும்மலுக்கும் காரியத்துக்கும் என்னடா சம்பந்தம்? வண்டியை ஓட்டு!" என்றவர், அடுத்த நொடி தாமே பலமாகத் தும்மினார்.

"நூறாயுசு சாமி!" என்று மாட்டைத் தட்டினான் குருந்தன்.