ஓட்டைக்கு ஒரு காசு

பொருளாதாரம் என்றாலே சிலருக்குக் கொட்டாவி வந்துவிடும். வெள்ளாற்றூர் மன்னர் அடலேறு வர்மருக்கும் அப்படித்தான். ஆசிரியர் சுவடியைப் பிரித்ததுமே குறட்டை விடுவார். கடைசியில் அவருக்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தது ஓர் உளுந்து வடை.

அந்த வருஷம் மழை பொய்த்தது. உளுந்து விலை ஏறியது. ஒரு காசு வடை இரண்டு காசானது. ஊர் முணுமுணுத்தது. மன்னருக்கோ வடை என்றால் உயிர்.

"என் நாட்டில் வடை ஒரு காசுதான். மீறினால் சவுக்கடி!" என்று தண்டோரா போட்டார். 'வடை காத்த வேந்தன்' என்று புலவர்கள் பட்டம் கொடுத்தார்கள். அவர்களுக்கு என்ன, பாடிவிட்டுப் பரிசோடு போகிறவர்கள்!

மறுவாரமே சந்தையில் வடை சுடும் காத்தாயியைக் காவலர்கள் அவைக்கு இழுத்து வந்தார்கள். அவள் விற்ற வடையை மன்னர் வாங்கி விரலில் மாட்டினார். மோதிரம் போலக் கச்சிதமாக நின்றது.

"ஏ காத்தாயி! ஓட்டை இருக்கிறது, வடை எங்கே?"

"வெலைய நீங்க சொல்லிட்டீக மகராசா. அந்த வெலைக்கு உளுந்து வரமாட்டேங்குதே! பழைய அளவுல சுட்டா எம் புள்ளைக பட்டினிதான்."

"சாக்குச் சொல்லாதே! நாளைக் காலை பழைய அளவு வடை, ஒரு காசுக்கு வரவேண்டும். இல்லாவிட்டால் இருபது சவுக்கடி. கடைக்கும் பூட்டு!"

காத்தாயி ஓவென்று அழுதாள். பாவம், அழாமல் என்ன செய்வாள்? அவையில் எல்லோரும் தலையாட்டினார்கள். விகடகவி வேம்பன் மட்டும் எழுந்தான். எல்லோரும் தலையாட்டும் நேரத்தில் வாய் திறப்பதுதான் அந்த அவையில் அவனுக்கு வேலை.

"அரசே, நாளை நானே கொண்டுவருகிறேன். அளவு பிசகாது. ஒரு காசுக்கு மேல் கேட்கமாட்டேன்."

"தவறினால் அவளுக்குரிய அடி உனக்கு!"

"சம்மதம்."

மறுநாள் மூடிய தட்டோடு வந்தான் வேம்பன். பின்னால் கூடையோடு காத்தாயி. வடைக்காக வெறும் வயிற்றோடு காத்திருந்த மன்னர் ஒரு காசை நீட்டினார். வேம்பன் மூடியை எடுத்தான். தட்டில் வாழையிலை மட்டும் பச்சைப்பசேலென்று இருந்தது.

"வடை எங்கேயடா?"

"இலை நடுவில் பாருங்கள் அரசே. ஓட்டை! பழைய வடையின் ஓட்டையேதான், அளவு பிசகவில்லை. ஒரு காசுக்கு இதுதான் கட்டுப்படியாகும். ஓட்டையைச் சுற்றி வடை வேண்டுமென்றால் இன்னொரு காசு ஆகும்."

"என் ஆணை என்னவாயிற்று?"

"காத்தாயி காதில் விழுந்தது. மழையின் காதில் விழவில்லையே! விலை இறங்கவேண்டுமானால் உங்கள் களஞ்சியத்து உளுந்தைச் சந்தைக்கு விடுங்கள். அதுவரை சுடுகிறவள் சொல்வதுதான் விலை."

கூடையிலிருந்து வடை வாசம் வந்தது. மன்னரின் வயிறு எல்லோருக்கும் கேட்கும்படி கடமுடவென்றது. அவ்வளவுதான், மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஆணை ரத்து! களஞ்சியத்தைத் திறங்கள்! வேம்பா, உனக்கு என்ன பரிசு வேண்டும்?"

"சூடாக நாலு வடை, அரசே."

"காத்தாயி, இவனுக்கு நாலு வடை கொடு!"

காத்தாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாலு வடையை இலையில் வைத்து வேம்பனிடம் கொடுத்தாள். பிறகு மன்னரைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"எட்டுக் காசு, மகராசா."